ஏ9 நெடுஞ்சாலை

இலங்கையின் மத்திய மலைநாட்டையும் வட மாகாணத்தையும் இணைக்கும் முதன்மை நெடுஞ்சாலை. நீளம் ஏறத்தாழ 321 கிலோமீற்றர். கண்டியில் தொடங்கி மாத்தளை, தம்புள்ளை, மதவாச்சி, வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன் வழியாகச் சென்று, ஆனையிறவைக் கடந்து, சாவகச்சேரியூடாக யாழ்ப்பாணத்தை அடைகிறது. யாழ்ப்பாணத்தார் இதைக் கண்டி வீதி என்பர்.

உள்நாட்டுப் போரின்போது இச்சாலை நீண்ட காலம் மூடப்பட்டிருந்தது. 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்த உடன்படிக்கையை அடுத்துத் திறக்கப்பட்டபோது ஓமந்தையிலும் முகமாலையிலும் சோதனைச் சாவடிகள் இயங்கின. 2006 ஆகஸ்ட்டில் மீண்டும் மூடப்பட்டதால், யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் உணவுக்கும் மருந்துக்கும் கடல், வான் வழிகளையே நம்பிப் பெரும் துயருற்றனர். போர் முடிந்தபின், 2009ஆம் ஆண்டின் இறுதியில் சாலை பொதுமக்களின் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டு, பின்னர் புனரமைக்கப்பட்டது.