கிரெச்சோ குடில்

கிரெச்சோ குடில் என்பது, 1223ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ், இத்தாலியின் ரியேத்தி பள்ளத்தாக்கை ஒட்டிய கிரெச்சோ என்னும் மலையூரில் அமைத்த தீவனத் தொட்டிக் காட்சி. இன்று கோவில்களிலும் வீடுகளிலும் வைக்கும் கிறிஸ்மஸ் குடில் இங்கிருந்தே தொடங்கியது என்பார்கள். அது முழுக்கச் சரியல்ல. பெத்லகேம் தொட்டிக்கான நினைவிடம் ரோமின் புனித மரியா பெருங்கோவிலில் பல நூற்றாண்டுகள் முன்பே இருந்தது. எருதும் கழுதையும் அருகே நிற்கக் குழந்தை கிடக்கும் சிற்பங்கள் 4ஆம் நூற்றாண்டுக் கல்லறைப் பேழைகளிலேயே உண்டு. கிரெச்சோவின் புதுமை அந்தத் தொட்டியைப் பலிபீடத்தோடு சேர்த்ததில்தான் இருக்கிறது.

அந்த இரவுக்கு மிகப் பழைய சான்று செலானோ ஊர்த் தோமா எழுதிய வாழ்க்கை வரலாறு. பிரான்சிஸ் 1226இல் இறந்தார். சில ஆண்டுகளுக்குள்ளேயே இந்நூல் எழுதப்பட்டுவிட்டது. விழாவுக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் முன்பு, கிரெச்சோவின் பெருநிலக்காரர் ஒருவரிடம் பிரான்சிஸ் ஒரு தொட்டியும் வைக்கோலும் எருதும் கழுதையும் ஏற்பாடு செய்யச் சொன்னார். பிறந்த குழந்தைக்கு வேண்டியவை ஏதும் இல்லாமல் இயேசு பட்ட பாட்டைத் தம் கண்ணாலேயே பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. சுற்றுவட்டார மக்கள் தீப்பந்தங்களோடு வந்தார்கள். தொட்டியின் மேல் திருப்பலி நிறைவேறியது. குருப்பட்டம் பெறாத பிரான்சிஸ், திருத்தொண்டருக்குரிய உடையில் நற்செய்தியைப் பாடி மறையுரை ஆற்றினார்.

மரியாவுக்கோ யோசேப்புக்கோ சுரூபம் வைத்ததாகத் தோமா எழுதவில்லை. யாரும் வேடமிட்டதாகவும் இல்லை. தொட்டியில் குழந்தை உருவம்கூடக் கிடையாது. அந்த வெற்றிடத்துக்குக் காரணம் உண்டு. பெத்லகேமில் ஒருமுறை தாழ்ந்து வந்த கடவுள், ஒவ்வொரு நாளும் குருவின் கைகளில் அப்ப வடிவில் அதேபோல் தாழ்ந்து வருகிறார் என்பது பிரான்சிஸ் தம் சகோதரர்களுக்குச் சொல்லிவந்த போதனை. கால்நடை தின்னும் இடத்தில் கிடத்தப்பட்டவரே மனிதருக்கு உணவாகிறார் என்னும்போது, தொட்டிக்குள் பொம்மை எதற்கு? கிறிஸ்து பிறப்பு விழாவை முடிந்துபோன நிகழ்ச்சியின் ஆண்டு நினைவாக மட்டும் கொள்ளாத கத்தோலிக்கப் பார்வை இங்கே வைக்கோலும் மரமுமாகக் கண்முன் நின்றது.

அங்கிருந்த ஒருவர் கண்ட காட்சியையும் தோமா குறிக்கிறார்: தொட்டியில் உயிரற்றதுபோல் கிடந்த குழந்தை, பிரான்சிஸ் அருகில் சென்றதும் உறக்கம் கலைந்து எழுந்தது. பலர் நெஞ்சில் மறக்கப்பட்டுக் கிடந்த இயேசு மறுபடி விழித்தார் என்று இதற்கு அவரே பொருளும் தருகிறார். இன்றைய வாசகர் இதை அற்புதமாக எடுத்துக்கொள்ளாவிட்டாலும் அந்த விளக்கத்துக்குக் குறைவில்லை.

எருதும் கழுதையும் லூக்கா நற்செய்தியில் இல்லை. தன் உடைமையாளனை எருதும், தன் தலைவனின் தீவனத் தொட்டியைக் கழுதையும் அறிந்திருக்க, மக்களோ அறியவில்லை என்ற எசாயா இறைவாக்கிலிருந்து (1:3) அவை பிறப்புக் காட்சிக்குள் வந்தன. ஆக, தொட்டிக்கு அருகே அவை நிற்பது அழகுக்காக மட்டுமல்ல. பார்ப்பவரை நோக்கி ஒரு குற்றச்சாட்டும் அதில் அடங்கியிருக்கிறது.

பெத்லகேம் இருந்த புனித நாட்டுக்காகச் சிலுவைப் போர்கள் நடந்த காலம் அது. பிரான்சிஸ் 1219இல் எகிப்துக்குப் போய்ச் சுல்தான் அல்-காமிலை நேரில் சந்தித்துத் திரும்பியவர். ஏழை மலையூரும் பெத்லகேம் ஆகலாம் என்று காட்டிய இந்த இரவை அந்தப் பின்னணியில் வைத்தும் படிக்கலாம்.

சுரூபங்கள் பின்னர் வந்தன. பிரான்சிஸ்கன் சபையிலிருந்து முதன்முதலில் திருத்தந்தையான நான்காம் நிக்கோலாஸ் காலத்தில், 1291 அளவில், அர்னோல்ஃபோ தி காம்பியோ ரோமின் புனித மரியா பெருங்கோவிலுக்காகச் செதுக்கிய பளிங்கு உருவங்கள் இன்றும் உள்ளன. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கக் கோவில்கள் பலவற்றில் நள்ளிரவுத் திருப்பலியின்போது குழந்தை சுரூபத்தைக் குடிலில் வைக்கும் வழக்கமும் குடிலையும் பலியையும் சேர்த்தே நிறுத்துகிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2019 டிசம்பர் 1 அன்று கிரெச்சோவிலேயே கையெழுத்திட்ட திருத்தூது மடல், குடிலை வீட்டில் மட்டுமல்லாமல் பணியிடங்களிலும் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் சிறைகளிலும் வைக்கும் வழக்கத்தை ஊக்குவிக்கிறது.