பழைய மடிக்கணினியும் தொலைந்த இயக்கி வட்டும்



சில மாதங்களுக்கு முன்பு எங்கள் பள்ளியின் வரலாற்றைத் தொகுக்கும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. பழைய காலத்து ஆவணங்களைத் தேடுவதுதான் கடினமாக இருக்கும் என்று எண்ணித் தொடங்கினேன். நடந்தது நேர்மாறு. 1950களின் வருகைப் பதிவேடுகள் அலமாரியில் பத்திரமாக இருந்தன. தாள் பழுத்திருந்தாலும் எழுத்து தெளிவாக இருந்தது. 1999 முதல் 2002 வரையிலான ஆண்டுகளுக்குத்தான் ஒன்றுமே அகப்படவில்லை. காரணம் எளியது. அந்த ஆண்டுகளில்தான் நாம் தாளை விட்டுக் கணினியில் எழுதத் தொடங்கினோம்.

அக்காலத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் கிள்ளானில் வசிக்கிறார். அவரைத் தேடிச் சென்றேன். ஒரு கறுப்புப் பையை எடுத்து வந்து என் முன் வைத்தார்.

"எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு தம்பி. தோட்டத்துப் பள்ளியோட கடைசிப் பெயர்ப் பட்டியலும் இருக்கு. திறக்கத்தான் முடியல" என்றார்.

பையில் இருந்தது அவர் தம் சொந்தப் பணத்தில் 1999இல் வாங்கிய மடிக்கணினி. தோட்டம் வீடமைப்பு நிலமாக மாறியபோது எங்கள் பள்ளியோடு இணைக்கப்பட்ட ஒரு சிறு தோட்டப்பள்ளியின் மாணவர் பட்டியலையும், அத்தோட்டத்துப் பெரியவர்கள் சொன்ன செய்திகளையும் அவர் அதில் தமிழிலேயே தட்டச்சு செய்து வைத்திருந்தார். அந்தத் தோட்டம் இன்று இல்லை. அங்கு வாழ்ந்த குடும்பங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் சிதறிவிட்டன. அவர்களைப் பற்றிய எழுத்துச் சான்று அந்தப் பைக்குள்தான் இருந்தது.

அதை வெளியே எடுக்க நான் பட்ட பாடு, ஒரு சிறு கருவியின் வரலாற்றைப் படிக்க வைத்தது. அதைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

பிசி கார்டு என்னும் அட்டை

இன்றைய பிள்ளைகள் பிசி கார்டைக் கண்டிருக்க மாட்டார்கள். 85.6 மில்லிமீட்டர் நீளமும் 54 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. நம் அடையாள அட்டையின் அதே நீள அகலம்தான், தடிமன் மட்டும் கூடுதல். அந்தத் தடிமனை வைத்து மூன்று வகையாகப் பிரித்தார்கள்: 3.3, 5, 10.5 மில்லிமீட்டர். மடிக்கணினியின் பக்கவாட்டில் உள்ள பிளவில் செருகினால், உள்ளே இருக்கும் 68 ஊசிகளில் பொருந்திக்கொள்ளும்.

1989இல் அமெரிக்காவில் பி.சி.எம்.சி.ஐ.ஏ. என்னும் அமைப்பு தோன்றியது. 1990இல் அதன் முதல் தரம் வெளிவந்தது. தொடக்கத்தில் நினைவகத்திற்காக மட்டுமே இந்த அட்டை கருதப்பட்டது. 1991இல் வந்த அடுத்த பதிப்புதான் மோடம், வலையமைப்பு அட்டை போன்றவற்றுக்கு வழி திறந்தது. 1995இல் கார்டுபஸ் என்னும் 32 பிட் வகையும் சேர்ந்தது. பின்னர் யு.எஸ்.பி. பரவியதும், 2003இல் எக்ஸ்பிரஸ்கார்டு வந்ததும், பிசி கார்டு மெல்ல மறைந்தது.

இந்த அட்டைக்கு ஒரு சிறப்பு உண்டு. ஒவ்வோர் அட்டையின் உள்ளேயும் அதன் தயாரிப்பாளர் பெயர், அட்டையின் பெயர், வகை ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். செருகியவுடன் கணினி அவற்றைப் படித்து "இன்னார் வந்திருக்கிறார்" என்று அறிந்துகொள்ளும். ஆனால் வந்தவரோடு எப்படிப் பேசுவது என்பதை அட்டை சொல்லாது. அதைச் சொல்வது, டிரைவர் என்று நாம் வழக்கமாகக் கூறும் இயக்கி மென்பொருள். அது நெகிழ்வட்டிலோ குறுவட்டிலோ தனியாக வரும். அட்டையும் வட்டும் ஒரே பெட்டியில் வாங்கப்பட்டவை என்றாலும், காலப்போக்கில் அட்டை கணினியோடு தங்கிவிடும். வட்டு எங்கோ போய்விடும்.

நம் பள்ளிகளுக்கு மடிக்கணினி வந்த காலம்

மலேசியாவில் 1990களில் ஜாரிங் இணையச் சேவை பரவியது, 1996இல் டி.எம்.நெட் வந்தது. அதே ஆண்டில்தான் பல்லூடகப் பெருவழித் திட்டமும் தொடங்கப்பட்டது. கணினி வாங்க விரும்பியவர்கள் கோலாலம்பூரில் இம்பி பிளாசாவுக்கும், பின்னர் லோயாட் பிளாசாவுக்கும் சென்றனர். மோடம் இல்லாத மடிக்கணினிக்கு ஒரு பிசி கார்டு மோடம் வாங்கித் தொலைபேசிக் கம்பியை இணைத்தால் இணையம் கிடைக்கும். அட்டைக்கும் கம்பிக்கும் இடையே ஒரு மெல்லிய இணைப்பு வடம் இருக்கும். முதலில் பழுதாவது பெரும்பாலும் அதுவாகவே இருந்தது.

தமிழாசிரியர்களுக்கு இக்காலம் இன்னொரு வகையிலும் முக்கியமானது. நம் நாட்டவரான முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் மென்பொருளால் வீட்டுக் கணினியில் தமிழ் எழுத முடிந்தது. 1997இல் சிங்கப்பூரிலும், 1999இல் சென்னையிலும், 2001 ஆகஸ்டில் நம் கோலாலம்பூரிலும் தமிழ் இணைய மாநாடுகள் நடைபெற்றன.

2003 ஜனவரியில் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் தொடங்கியது. தமிழ்ப்பள்ளிகளும் அதில் அடங்கின. அத்திட்டத்திற்காக ஆசிரியர்களுக்குக் கல்வி அமைச்சு மடிக்கணினிகளையும் ஒளிபடக் கருவிகளையும் வழங்கியது. பணியில் சேர்ந்த புதிதில் நானும் அப்படி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வகுப்பு வகுப்பாக நடந்தவன். அறிவியலைத் தமிழில் கற்பிக்க முடியாமல் போனதை எண்ணி மனம் வருந்திய காலம் அது. அத்திட்டத்தைக் கைவிடுவதாக 2009 ஜூலை 8ஆம் நாள் அரசு அறிவித்தது.

அக்காலத்தில் நான் பணியாற்றிய பள்ளியில் ஒரு பழக்கத்தைக் கண்டேன். மடிக்கணினிக்குப் பொருட்பதிவேட்டில் ஓர் எண் உண்டு. ஒளிபடக் கருவிக்கும் உண்டு. அவற்றோடு வந்த வட்டுகளுக்கு எண் இல்லை. எண் இல்லாத பொருள் காணாமற்போனால் யாரும் கேட்பதில்லை. கருவி அலமாரியில் இருந்தது. அதற்கு உயிர் கொடுக்கும் வட்டு குப்பையில் இருந்தது.

மஞ்சள் நிற ஆச்சரியக்குறி

இனி அந்த ஆசிரியையின் மடிக்கணினிக்கு வருவோம். நல்ல வேளையாக மின்சாரம் கொடுத்ததும் விண்டோஸ் 98 திறந்தது. கோப்புகளும் தெரிந்தன. வெளியே எடுக்கத்தான் வழியில்லை. நெகிழ்வட்டு இயக்ககம் பழுது. ஒரு யு.எஸ்.பி. துளை இருந்தது, ஆனால் இன்றைய விரலியைச் செருகினால் விண்டோஸ் 98 தானாக அடையாளம் காணாது. அந்தந்த விரலிக்கு உரிய இயக்கி வேண்டும். கணினி வெளிவந்து ஓராண்டுக்குப் பிறகே, 2000ஆம் ஆண்டில்தான், விரலிகள் விற்பனைக்கு வந்தன என்பதையும் நினைவில் கொள்க.

மீதமிருந்தது பிசி கார்டுப் பிளவு. அதில் ஒரு வலையமைப்பு அட்டை செருகப்பட்டிருந்தது. டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் அதன் அருகே மஞ்சள் நிறத்தில் ஆச்சரியக்குறி. பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் எனக்குத் தெரிந்த கணினி பழுதுபார்ப்பவரிடம் கொண்டு சென்றேன். "இதுக்கெல்லாம் இப்ப ஆள் இல்ல சார்" என்று சிரித்தவர், ஆனாலும் அமர்ந்து உதவினார்.

அந்தக் குறிக்குப் பொதுவாக மூன்று காரணங்கள் உண்டு என்று அவர் விளக்கினார்.

முதலாவது, இயக்கி இல்லாமை. இயக்கி இல்லாதபோது அட்டையைச் செருகினால், விண்டோஸ் அதை அறியாத சாதனம் என்று குறித்து வைத்துக்கொள்ளும். பிறகு சரியான வட்டைக் கொடுத்தாலும் மீண்டும் கேட்காமல் இருந்துவிடலாம். டிவைஸ் மேனேஜரில் அந்தப் பதிவை நீக்கிவிட்டு, அட்டையை எடுத்து மறுபடியும் செருக வேண்டும்.

இரண்டாவது, குறுக்கீட்டு எண் பற்றாக்குறை. கணினியின் கவனத்தை ஈர்க்க ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் தேவை. மொத்தம் பதினாறுதான். 16 பிட் அட்டை தன் எண்ணைப் பிறரோடு பகிர்ந்துகொள்ளாது. எல்லாம் தீர்ந்திருந்தால், பயன்படாத அகச்சிவப்புத் துளையையோ தொடர்வரிசைத் துளையையோ முடக்கி ஓர் எண்ணை விடுவிக்க வேண்டும்.

மூன்றாவது, பொருந்தாத அட்டை. பழைய 16 பிட் பிளவில் கார்டுபஸ் அட்டை நுழையாது. அதன் ஓரத்தில் உள்ள சிறு புடைப்பும் மேலே உள்ள பொன்னிறப் பட்டையும் அதை அடையாளம் காட்டும். வலிந்து செருகினால் ஊசிகள் வளைந்துவிடும்.

எங்களுடையது முதல் காரணம். வட்டு இல்லை. இணையத்தில் தேடி இயக்கியைக் கண்டுபிடித்தாலும், அதை அந்தக் கணினிக்குள் கொண்டு சேர்க்க வழி வேண்டும். பூட்டிய பெட்டிக்குள்ளேயே சாவி கிடந்த நிலைதான்.

வட்டு கேட்காத அட்டை

அப்போதுதான் நண்பர் தம் மேசை அறையிலிருந்து பழைய படக்கருவியின் காம்பேக்ட்பிளாஷ் நினைவக அட்டை ஒன்றையும், அதைப் பிசி கார்டாக மாற்றும் உறை ஒன்றையும் எடுத்தார். காம்பேக்ட்பிளாஷ் 1994இல் வந்தது. அதன் 50 ஊசித்துளைகளைப் பிசி கார்டின் 68உடன் இணைப்பதைத் தவிர அந்த உறை வேறெதுவும் செய்வதில்லை. உள்ளே செருகினால் கணினி அதை ஒரு சிறிய வன்தட்டாகவே கருதும். வன்தட்டுக்கு வேண்டிய இயக்கி விண்டோஸ் 98இலேயே இருக்கிறது. தனி வட்டு தேவையில்லை.

செருகினோம். ஓர் ஒலி எழுந்தது. புதிய எழுத்துடன் ஓர் இயக்ககம் திரையில் தோன்றியது. கோப்புகளை நகலெடுத்தோம். எடுக்கும் முன் அட்டையை முறைப்படி நிறுத்திவிட்டே வெளியே இழுத்தோம். அவசரப்பட்டு இழுத்தால் எழுதிய கோப்பு சிதையக்கூடும்.

எழுத்துக்கும் சாவி வேண்டும்

வீட்டிற்கு வந்து என் கணினியில் திறந்தபோது மறுபடியும் அதிர்ச்சி. மாணவர் பட்டியலில் பிறந்த தேதிகள் தெளிவாக இருந்தன. மலாய்ச் சொற்களும் ஆங்கிலச் சொற்களும் சரியாக இருந்தன. பிள்ளைகளின் தமிழ்ப் பெயர்கள் மட்டும் புரியாத குறிகளாக நின்றன.

கோப்புகள் திஸ்கி என்னும் குறியேற்றத்தில் இருந்தன. ஒரே எழுத்துருவில் ஆங்கிலத்தையும் தமிழையும் வைப்பதற்காக, முதல் 128 இடங்களை ஆங்கிலத்திற்கு விட்டு, அடுத்த பகுதியில் தமிழை அமைத்த முறை அது. எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கிலம் பிழைத்துக்கொள்ளும்; தமிழ் சிதையும். இயக்கி தொலைந்த அட்டைக்கும் எழுத்துரு தொலைந்த கோப்புக்கும் நேர்வது ஒன்றே. பொருள் இருக்கிறது, பேச வைப்பது இல்லை.

இதற்கு மருந்து உண்டு. பொங்குதமிழ், என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகள் திஸ்கி எழுத்தை யூனிகோடுக்கு மாற்றித் தரும். மாற்றினேன். ஒவ்வொரு பெயராகத் தெளிந்து வந்தது. அச்செடுத்துக் கிள்ளானுக்குக் கொண்டு சென்றேன். ஆசிரியை கண்ணாடியை அணிந்து, வகுப்பில் வருகை எடுப்பது போல ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுப் படித்தார். சில பெயர்களில் நின்று, "இவன் இப்ப ஷா ஆலாம்ல இருக்கான்", "இந்தப் பிள்ளை எங்கன்னு தெரியல" என்றார்.

நாம் செய்ய வேண்டியவை

1816இல் பினாங்கில் தொடங்கிய தமிழ்க்கல்வியின் இருநூறாம் ஆண்டை 2016இல் கொண்டாடினோம். தாளில் எழுதி வைத்த தலைமுறை நமக்குச் சான்று விட்டுச் சென்றது. கணினியில் எழுதிய நம் தலைமுறை எதை விட்டுச் செல்லப்போகிறது?

ஆசிரியர்களே, பள்ளியின் பண்டக அறையிலுள்ள பழைய கணினிகளைக் கழிக்கும் முன் ஒருமுறை திறந்து பாருங்கள். கருவியோடு வந்த வட்டையும் கையேட்டையும் அதே பையில் வையுங்கள். அவற்றுக்கும் பதிவேட்டில் ஓர் எண் கொடுங்கள். பழைய தமிழ்க் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றுங்கள். முக்கியமானவற்றைத் தாளிலும் அச்செடுத்து வையுங்கள்.

பெற்றோர்களே, வீட்டு அலமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய மடிக்கணினி இருக்கக்கூடும். அதில் உங்கள் பிள்ளை முதன்முதலில் தட்டச்சு செய்த தமிழ்க் கட்டுரை இருக்கலாம். பழைய இரும்புக் கடைக்கு அனுப்புமுன் ஒருநாள் பொறுங்கள்.

அந்தத் தோட்டப்பள்ளியின் கட்டடம் இடிக்கப்பட்டுவிட்டது. அதன் கடைசிப் பெயர்ப் பட்டியல் இப்போது எங்கள் பள்ளி அலமாரியில், 1950களின் பதிவேடுகளுக்குப் பக்கத்தில், தாளில் இருக்கிறது.

அன்புடன்,
ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியர்