பட்டத்தின் விலை

முதுமாணிப் பட்டத்துக்குச் செலவிடும் பணம் திரும்பி வருமா என இன்று பலரும் கேட்கின்றனர். இலங்கையில் இக்கேள்வி புதியதன்று. ஒவ்வொரு தலைமுறையும் பட்டத்துக்கு ஒவ்வொரு விதமாக விலை கொடுத்தே வந்திருக்கிறது.

1921இல் கொழும்பில் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரிக்குச் சொந்தமாகப் பட்டம் வழங்கும் அதிகாரம் இருக்கவில்லை. மாணவர்கள் லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைகளுக்கே தோற்றினர். வசதி படைத்தோருக்கே அக்கல்வி பெரும்பாலும் எட்டியது. யாழ்ப்பாணத்திலோ காணியை ஈடுவைத்துப் பிள்ளையைப் படிப்பித்த பெற்றோரும் இருந்தனர். கோழி மேய்த்தாலும் கோறணமெந்தில் மேய்க்க வேண்டும் என்பது அவர்களது பொருளியல். நிரந்தரச் சம்பளம், ஓய்வூதியம், கலியாணச் சந்தையில் மதிப்பு ஆகிய மூன்றும் ஈட்டை மீட்கப் போதுமாயிருந்தன.

1942இல் ஐவர் ஜெனிங்ஸைத் துணைவேந்தராகக் கொண்டு இலங்கைப் பல்கலைக்கழகம் உருவானது. 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஏழைப் பிள்ளைக்கும் பல்கலைக்கழக வாசல் திறந்தது. இதனிலும் பெரிய சமூக மாற்றம் நமது நாட்டில் அரிது. ஆயினும் பட்டதாரியை வேலைக்கு எடுப்பது பெரும்பாலும் அரசாங்கமே என்ற நிலை மாறவில்லை.

1959இல் வித்தியோதய, வித்தியாலங்கார பல்கலைக்கழகங்கள் தோன்றின. சுதேச மொழிகளில் கலைத்துறை பயில்வோர் தொகை பெருகியது. ஆய்வுகூடம் அமைப்பதிலும் பார்க்க விரிவுரை மண்டபத்தில் கதிரைகளைக் கூட்டுவது மலிவு அல்லவா? அரச உத்தியோகங்கள் அந்த வேகத்தில் பெருகவில்லை. 1971 ஏப்ரல் கிளர்ச்சியில் படித்த கிராமப்புற இளைஞர் பலர் இறங்கினர். அதே ஆண்டில் டட்லி சீயர்ஸ் தலைமையிலான சர்வதேசத் தொழிலாளர் தாபனக் குழு, கல்வி வளர்த்த எதிர்பார்ப்புக்கும் கிடைக்கும் வேலைக்கும் இடையிலான இடைவெளியைச் சுட்டிக்காட்டியது. அரை நூற்றாண்டின் பின், 2020இல், சுமார் 50,000 பட்டதாரிகள் மாதம் 20,000 ரூபாக் கொடுப்பனவுடன் அரச பயிலுனர்களாகச் சேர்க்கப்பட்டனர். 2022இல் அரசே கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்றது.

நானும் கலைப் பட்டதாரிதான். பத்திரிகைத் தொழிலில் அப்பட்டம் என் சம்பளத்தைப் பெரிதாக உயர்த்தவில்லை. எந்த ஆவணத்தையும் ஐயத்தோடு வாசிக்கும் பழக்கத்தை அது தந்தது. கட்டணமின்றிப் படித்தமையால் அந்த ஆதாயத்தோடு நான் திருப்திப்பட முடிந்தது.

பட்டப்பின் படிப்போ பெரும்பாலும் கட்டணத்துக்குரியது. பதவி உயர்வுக்கு அது தேவைப்படும் ஆசிரியருக்குக் கணக்குச் சரிவரலாம். வேலை கிடைக்கும்வரை காலம் கடத்துவதற்காகக் கடன்பட்டுப் படிக்கும் இளைஞர், காத்திருப்பதற்கே வட்டி கட்டுகிறார். காணியை ஈடுவைத்த அந்தக் காலத்துத் தகப்பனுக்கு, பட்டத்தின் மறுமுனையில் ஓர் உத்தியோகம் இருப்பது தெரிந்திருந்தது. இன்று கையொப்பமிடுமுன் அது இருக்கிறதா என விசாரித்துக்கொள்வது நல்லது.