எலினோர் ரூஸ்வெல்ட்: சிவப்பு அறையிலிருந்து ஐ.நா. வரை

அமெரிக்க அரசியல் சாசனத்தில் அதிபரின் மனைவியைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. சம்பளமும் இல்லை, அதிகாரமும் இல்லை. விருந்தினரை வரவேற்கும் கடமை மட்டும் வழக்கப்படி வந்து சேரும். அந்த இடத்தில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் இருந்த எலினோர் ரூஸ்வெல்ட்டுக்குச் செல்வாக்கு எங்கிருந்து வந்தது? கணவரிடமிருந்து என்பார்கள். அது பாதி உண்மைதான்.

ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் பதவியேற்ற இரண்டாம் நாள், 1933 மார்ச் 6 அன்று, வெள்ளை மாளிகையின் சிவப்பு அறையில் எலினோர் செய்தியாளர்களைச் சந்தித்தார். வந்திருந்த சுமார் 35 பேரும் பெண்கள். பதற்றம் வெளியே தெரியாமலிருக்க, சர்க்கரைப் பாகில் ஊறிய பழத்துண்டுகள் நிறைந்த பெட்டியை அவரே ஒவ்வொருவரிடமும் நீட்டினார். ஆண்களுக்கு அனுமதியில்லை என்ற விதிக்கான யோசனை லொரீனா ஹிக்காக் என்ற செய்தியாளருடையது. அது பெருமந்தக் காலம். பெண் நிருபர்களின் வேலைதான் முதலில் ஆட்டம் கண்டது. இனி அந்த அறைச் செய்தி வேண்டுமென்றால் செய்தி நிறுவனங்கள் ஒரு பெண் நிருபரையாவது வைத்திருந்தாக வேண்டும். யுனைடெட் பிரஸ் நிறுவனம் ரூபி பிளாக்கைச் சேர்த்துக்கொண்டது இப்படித்தான். சட்டமோ ஆணையோ இல்லாமல், யார் உள்ளே வரலாம் என்று சொல்லியே சில குடும்பங்களுக்குச் சோறு போட்டார் எலினோர். அரசியல் என்றால் இதையும் சேர்த்துத்தான்.

1935 இறுதியில் அவரது ‘மை டே’ என்ற நாளிதழ்ப் பத்தி தொடங்கியது. வாரத்தில் ஆறு நாள் எழுதினார். 1939இல், கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சனுக்கு வாஷிங்டனில் தங்கள் அரங்கைத் தர மறுத்த ‘அமெரிக்கப் புரட்சியின் புதல்விகள்’ அமைப்பிலிருந்து விலகி, அதன் பெயரைச் சொல்லாமலே அந்தப் பத்தியில் காரணத்தை எழுதினார். ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறன்று லிங்கன் நினைவிடத்தின் முன் ஆண்டர்சன் பாடியபோது கேட்க வந்தவர்கள் சுமார் 75,000 பேர்.

ஆனால் சட்டம் என்று வந்தபோது அவரது கைகள் கட்டப்பட்டிருந்தன. கறுப்பினத்தவரைக் குறிவைத்த கும்பல் கொலைகளைத் தடுக்கும் மசோதாவுக்காக 1934இல் கறுப்பின உரிமைத் தலைவர் வால்டர் வைட்டை அதிபரிடம் அழைத்து வந்தவர் அவர்தான். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் குழுக்களின் தலைமை, மசோதாவை எதிர்த்த தென்மாநில உறுப்பினர்களிடம் இருந்தது. அவர்களைப் பகைத்தால் மற்ற மசோதாக்கள் முடங்கும் என்று கணவர் ஒதுங்கிக்கொண்டார். மசோதா நிறைவேறவில்லை. ஜப்பானிய வம்சாவளியினரை 1942இல் முகாம்களில் அடைத்தபோது எலினோருக்கு உடன்பாடில்லை; வெளியில் அரசை எதிர்த்துப் பேசவுமில்லை. அவரைப் போற்றும் மலர்கள் இந்தப் பக்கத்தை அவசரமாகப் புரட்டிவிடுவது சரியல்ல.

உண்மையான பொறுப்பு கைக்கு வந்தது கணவர் இறந்த பிறகே. 1945 டிசம்பரில் அடுத்த அதிபர் ட்ரூமன் அவரை ஐ.நா.வுக்கு அமெரிக்கப் பிரதிநிதிகளில் ஒருவராக அனுப்பினார். மனித உரிமை ஆணையத்தின் தலைவராக, சோவியத் பிரதிநிதிகளின் நீண்ட உரைகளுக்கு ஈடுகொடுத்து, கூட்டங்களை இரவுவரை நடத்தினார். 1948 டிசம்பர் 10 அன்று பாரிஸில், அந்த ஆணையம் வரைந்த உலக மனித உரிமைப் பிரகடனம் நிறைவேறியது: ஆதரவு 48, எதிர்ப்பு இல்லை, எட்டு நாடுகள் விலகி நின்றன.

1961இல் அதிபர் கென்னடி அமைத்த பெண்கள் நிலை ஆணையத்துக்கும் அவரே தலைவர். 1962 நவம்பரில் அவர் இறந்தார். மறு ஆண்டு அந்த ஆணையத்தின் அறிக்கை வெளிவந்தது.