ஐநூறு ரூபாயும் ஒரு கூரையும்: பிரிந்த பெற்றோரின் பிள்ளைகளுக்குச் சட்டம் கொடுத்தது என்ன?

ஜீவனாம்சம் என்ற சொல்லைக் கேட்டதும் பலருக்கு நினைவுக்கு வருவது சினிமா கோர்ட்டும், கூண்டில் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்ளும் மனைவியும்தான். அந்தக் காட்சியில் ஓரமாக ஒரு குழந்தை நிற்கும். அதற்கு வசனம் இருக்காது. இந்தியச் சட்டத்தின் கதையும் ஏறக்குறைய அப்படித்தான் போயிருக்கிறது. பெற்றோர் பிரிந்தால் குழந்தைக்கு மாதம் எவ்வளவு பணம் என்ற கேள்விக்கு 1861-லேயே விடை எழுதி வைத்துவிட்டார்கள். அந்தக் குழந்தை ராத்திரி எந்த வீட்டில் படுத்துத் தூங்கும் என்ற கேள்விக்கு எல்லா மதத்தினருக்கும் பொதுவான ஒரு விடை கிடைக்க 2005 வரை ஆயிற்று. நடுவில் 144 வருடங்கள்!

ஜீவன், அம்சம் என்று சொல்லைப் பிரித்துப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும். உயிர் பிழைத்துக் கிடக்க ஒரு பங்கு. அதற்கு மேல் எதுவும் இல்லை.

வெள்ளைக்கார அரசாங்கத்துக்கு இதில் என்ன அக்கறை? பாசம் காரணமல்ல. இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் ராணி காலத்தில், 1576-ல் ஒரு சட்டம் வந்தது. திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தையின் செலவைப் பெற்றவர்களே கட்ட வேண்டும் என்று உள்ளூர் நீதிபதிகள் உத்தரவு போடலாம் என்றது. இல்லாவிட்டால் ஊர் வரிப்பணத்திலிருந்து அந்தக் குழந்தைக்குச் சோறு போட வேண்டியிருக்குமே! அதே சிந்தனைதான் கப்பலேறி இந்தியாவுக்கும் வந்தது. 1872-ம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தைக் கொண்டுவந்த ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் (எழுத்தாளர் வர்ஜீனியா உல்ஃபின் பெரியப்பா இவர்!) இந்தப் பிரிவின் நோக்கத்தை ஒளிக்காமல் சொன்னார். ஆதரவில்லாமல் தெருவில் திரிபவர்கள் பெருகாமல் தடுக்கும் வழி இது என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். குடும்ப விவகாரமான ஜீவனாம்சம் திருட்டு, அடிதடி வழக்குகளோடு குற்றவியல் சட்டத்தில் வந்து உட்கார்ந்ததற்கு இதுதான் காரணம்.

ஆனாலும் அந்தப் பிரிவில் நல்லது இரண்டு இருந்தது. முதலாவது, மதம் பார்க்காமல் எல்லோருக்கும் பொருந்தியது. இரண்டாவது, முறைப்படி மணந்து பெற்ற பிள்ளையா இல்லையா என்ற பேதம் பார்க்கவில்லை. "முறை தவறிப் பிறந்தது" என்று ஊர் ஒதுக்கிய குழந்தைக்கும் தகப்பன் பணம் கட்டியே ஆக வேண்டும். அந்தக் காலத்தில் இது சின்ன விஷயமல்ல.

சிக்கல் தொகையில் இருந்தது. 1861-ல் உச்சவரம்பு மாதம் 50 ரூபாய். மனைவி, குழந்தைகள் எல்லோருக்கும் சேர்த்து! 1898-ல் புதுப்பிக்கப்பட்ட சட்டத்தின் 488-வது பிரிவிலும் அதே 50. 1923-ல் 100 ஆனது. சுதந்திரத்துக்குப் பிறகு, 1955-ல் 500 ஆனது. 1973-ல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் வந்து அதில் இது புகழ்பெற்ற 125-வது பிரிவானது. பிரிவின் எண் மாறியது, 500 மட்டும் மாறவில்லை.

ஐநூறு எவ்வளவு பெரிய தொகை என்பதை நம் ஊர் வழக்கப்படி தங்கத்தில் அளந்து பார்க்கலாம். 1955-ல் பத்து கிராம் தங்கம் சுமார் 80 ரூபாய். 500 ரூபாய்க்கு ஏழு சவரனுக்கு மேல் வாங்கியிருக்கலாம். 2001-ல் பத்து கிராம் 4,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. அதே 500 ரூபாய்க்கு ஒரு கிராம் சொச்சம்தான் கிடைத்திருக்கும். தகப்பன் லட்சாதிபதியானாலும் மாஜிஸ்திரேட்டின் பேனா 500-க்கு மேல் எழுத முடியாது.

1978-ல் நீதிபதி கிருஷ்ணய்யர் இதில் ஒரு சின்ன ஜன்னலைத் திறந்தார். 'எல்லாம் சேர்த்து 500' என்பதற்கு, கேட்பவர் ஒவ்வொருவருக்கும் 500 என்றுதான் பொருள் என்று உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பு எழுதினார். தாய்க்குத் தனி, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி. சட்டப் புத்தகத்தில் ஒரு எழுத்தும் மாறாமல், மூன்று பிள்ளைகளை வைத்திருந்த ஒரு தாய் கேட்கக்கூடிய தொகை நான்கு மடங்கானது. சட்டம் படிப்பவர்கள் இந்தத் தீர்ப்பை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

இப்போது ஷா பானு வழக்குக்கு வருவோம். எல்லோரும் அதை மதம், அரசியல் என்ற கோணத்திலேயே பேசியிருக்கிறார்கள். அந்த வழக்கில் இருந்த வீட்டைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. இந்தூரைச் சேர்ந்த அவருக்கு 1932-ல் கல்யாணம், ஐந்து பிள்ளைகள். 43 வருடம் வாழ்ந்த வீட்டிலிருந்து 1975-ல் வெளியேற்றப்பட்டார். 1978-ல் கோர்ட்டுக்குப் போனபோது அவர் கேட்டது மாதம் 500 ரூபாய். சட்டத்தில் இருந்த உச்சவரம்பே அதுதானே, அதற்கு மேல் எப்படிக் கேட்க முடியும்? கணவர் வக்கீல், வருட வருமானம் சுமார் 60,000 ரூபாய் என்று சொல்லப்பட்டது. மாஜிஸ்திரேட் 1979-ல் கொடுத்தது மாதம் 25 ரூபாய். உயர் நீதிமன்றம் 1980-ல் அதை 179 ரூபாய் 20 காசு ஆக்கியது. 1985-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தபோதுதான் நாடே கொந்தளித்தது. இத்தனை கோர்ட்டுகள் ஏறியும் அந்த வீட்டுக்குள் திரும்பப் போகும் உரிமை பற்றிய பேச்சே எழவில்லை. 125-வது பிரிவுக்குக் கதவைத் திறக்கும் சக்தி கிடையாது, மணியார்டர் அனுப்ப வைக்கும் சக்தி மட்டும்தான்.

அதன் பிறகு வந்த 1986-ம் ஆண்டுச் சட்டம் குழந்தைகளையும் உரசிப் பார்த்தது. பீகாரில் ஒரு தாய், மூன்று சின்னக் குழந்தைகளோடு வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டார். தாய்க்கு 200, குழந்தை ஒவ்வொன்றுக்கும் 150 ரூபாய் என்று உத்தரவானது. கணவர் தலாக் சொல்லிவிட்டு, புதிய சட்டப்படி குழந்தைகளுக்கு இரண்டு வயது வரைதான் தருவேன் என்றார். உயர் நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது! 1997-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. தாயும் தகப்பனும் எந்தச் சட்டப்படி பிரிந்தாலும், பிள்ளையின் 125-வது பிரிவு உரிமை அப்படியே நிற்கும் என்றது.

ஐநூறு ரூபாய் வரம்பை எடுத்துவிடுங்கள் என்று சட்ட ஆணையம் தன் 132-வது அறிக்கையில் 1989-லேயே சொல்லிவிட்டது. மேற்கு வங்காளம், மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம் போன்ற சில மாநிலங்கள் பொறுக்க முடியாமல் தாங்களாகவே உயர்த்திக்கொண்டன. நாடாளுமன்றத்துக்கு மனசு வந்தது 2001 செப்டம்பரில். வரம்பு முழுவதுமாக நீக்கப்பட்டது. வழக்கு நடக்கும்போதே இடைக்காலத் தொகை கேட்கும் வழியும் அப்போதுதான் வந்தது. 1955-ல் பிறந்த ஒரு குழந்தைக்கு அதற்குள் 46 வயது ஆகியிருக்கும்.

சரி, பணப் பூட்டு உடைந்தது. வீடு?

இந்துக்களுக்கான 1956-ம் ஆண்டுச் சட்டத்தில் ஜீவனாம்சம் என்றால் சோறு, துணி, இருப்பிடம், படிப்பு, மருத்துவம் என்று எழுதியிருந்தது. ஆனால் அதற்குச் சிவில் கோர்ட் ஏற வேண்டும், அங்கே வழக்கு முடிவதற்குள் குழந்தை ஸ்கூலையே முடித்துவிடும். வாடகை வீட்டில் இருந்தவர்கள் பாடு இன்னும் மோசம். அக்ரிமெண்ட் கணவர் பெயரில் இருக்கும். அவர் போய்விட்டால், "உன்னை யார் என்று எனக்குத் தெரியாது" என்று வீட்டுக்காரர் சொல்லலாம். பெங்களூரிலிருந்து போன அப்படியொரு வழக்கை 2005-ல் மூன்று நீதிபதிகள் விசாரித்தார்கள். கைவிடப்பட்ட மனைவி, கணவர் இடத்தில் நின்று காலி செய்யும் வழக்கை எதிர்த்து வாதாடலாம் என்று தீர்ப்பு சொன்னது. ஆனால் வழக்குப் போட்ட பெண்ணுக்கே பலன் இல்லை. அதற்குள் விவாகரத்து ஆகிவிட்டது, அதில் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. நல்ல தீர்ப்பு அடுத்தவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

இங்கிலாந்தும் இதே பள்ளத்தில் விழுந்து எழுந்த நாடுதான். கணவன் விட்டுப்போன வீட்டில் பிள்ளைகளோடு இருந்த ஒரு மனைவிக்கும், வீட்டை அடமானம் வாங்கிய வங்கிக்கும் நடந்த வழக்கில் 1965-ல் வங்கி ஜெயித்தது. பொறுக்காமல் 1967-ல் குடும்ப வீட்டில் குடியிருக்கும் உரிமைக்குத் தனிச் சட்டமே போட்டார்கள்.

இந்தியாவில் அந்த வேலையைச் செய்தது 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். 2006 அக்டோபர் 26-ல் அமலுக்கு வந்தது. வீடு யார் பெயரில் இருந்தாலும், சேர்ந்து வாழ்ந்த வீட்டிலிருந்து பெண்ணைத் துரத்தக் கூடாது. முடியாவிட்டால் அதே தரத்தில் வேறு வீடு பார்த்துக் கொடுக்க வேண்டும் அல்லது வாடகை கட்ட வேண்டும் என்று மாஜிஸ்திரேட்டே உத்தரவிடலாம். இரண்டு மாதம்கூட ஆகவில்லை. டிசம்பரில் ஒரு டெல்லி வழக்கில், மாமியார் பெயரில் உள்ள வீடு இதில் வராது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் நாட்டில் கல்யாணமானவர்கள் எத்தனை பேர் சொந்தப் பெயரில் வீடு வைத்திருக்கிறார்கள்? அப்பா வீடு, அம்மா வீடு என்று இருப்பவர்கள்தானே அதிகம்! அந்தத் தீர்ப்பைத் திருத்த 2020 அக்டோபர் வரை, ஏறக்குறைய 14 வருடம் ஆனது. ஒரு குழந்தைப் பருவம் மொத்தமும் அதற்குள் அடங்கிவிடும்.

இன்றைக்கும் அந்தக் கூரை குழந்தையின் பெயரில் இல்லை. உரிமை தாய்க்கு, குழந்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வருகிறது. 125-வது பிரிவு 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவாகிவிட்டது. அதிலும் உடல், மன நலக் குறைபாடு இல்லாத மகனுக்கு 18 வயதோடு பணம் நின்றுவிடும். பதினெட்டு என்பது பிளஸ் டூ முடித்து காலேஜ் ஃபீஸ் கட்டும் வயது! 2021-ல் இப்படி ஒரு மகனின் வழக்கு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மகனுக்கு நேரடியாகக் கொடுக்க முடியாத நீதிபதி, அவன் பட்டப்படிப்பை முடிக்கும் வரை அல்லது சம்பாதிக்கத் தொடங்கும் வரை அவன் செலவுக்காக மாதம் 15,000 ரூபாயைத் தாயின் கையில் கொடுக்கும்படி தகப்பனுக்கு உத்தரவிட்டார்.