தடைக்குக் காரணம் கருவியா, நோயா?

ரோலர் கோஸ்டர்களின் வாயிலில் உள்ள எச்சரிக்கைப் பலகை இதயநோயாளர் அனைவரையும் ஒரே வரியில் விலக்கிவிடுகிறது. பேஸ்மேக்கரோ, ஆபத்தான துடிப்பை மின்னதிர்ச்சியால் சீராக்கும் ஐ.சி.டி.யோ பொருத்திக்கொண்டவர், மார்பிலுள்ள கருவிக்காகவே தாம் தடுக்கப்படுவதாக எண்ணிக்கொள்கிறார். தடை பல நேரங்களில் சரியே. அதற்குக் கருவியைக் காரணமாகக் காட்டுவதுதான் பெரும்பாலும் பொருந்தவில்லை.

ஜெர்மனியின் மான்ஹைம் மருத்துவர்கள் 2005இல் அமெரிக்க இதயச் சங்கத்தின் மாநாட்டில் முன்வைத்த ஆய்வை எடுத்துக்கொள்வோம். உடல்நலமுள்ள 55 பேரை ரோலர் கோஸ்டரில் ஏற்றி அவர்களுடைய இதயத்துடிப்பைப் பதிவுசெய்தார்கள். நிமிடத்துக்குச் சராசரியாக 91ஆக இருந்த துடிப்பு 153 வரை ஏறியது. உட்கார்ந்த இடத்தைவிட்டு யாரும் நகரவில்லை. அச்சமும் கிளர்ச்சியும் சுரக்கச் செய்த அட்ரினலினுக்கே இதில் பெரும்பங்கு. கருவி பொருத்தியவர்கள் ஏறலாகாது என்றும் ஆய்வாளர்கள் அறிவுறுத்தினர். ஆனால் சோதிக்கப்பட்டவர்களில் அத்தகையோர் எவருமில்லை. அறிவுரை நியாயமான ஊகம்தான், அளந்து கண்ட முடிவன்று.

ஐ.சி.டி. முதலில் கவனிப்பது துடிப்பின் வேகத்தை. அது வரம்பைத் தாண்டினால், கீழறையில் எழுந்த ஆபத்தான துடிப்பா, பயத்தால் வந்த இயல்பான வேகமா என்று பிரித்தறிய முயலும். வேகம் திடீரென ஏறியதா என்பது அதற்கான அளவுகோல்களுள் ஒன்று. நடையிலும் ஓட்டத்திலும் துடிப்பு படிப்படியாக உயரும். செங்குத்துச் சரிவின் விளிம்பிலோ சட்டென்று தாவக்கூடும். கருவி ஏமாந்து, நினைவோடிருப்பவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்க இது போதும். இந்த இடர் எல்லோருக்கும் ஒரே அளவினதன்று. 2012இல் வெளியான மாடிட்-ரிட் ஆய்வில், சிகிச்சை தொடங்கும் வரம்பை 170க்குப் பதில் 200ஆக வைத்தபோது தேவையற்ற சிகிச்சைகள் குறைந்தன, இறப்பும் குறைந்தது. ஆகவே ஏறலாமா என்று கேட்பவரிடம் மருத்துவர் முதலில் பார்க்க வேண்டியது, அவருடைய கருவியில் பதிந்துள்ள எண்ணை.

காந்தம் குறித்த அச்சத்துக்கும் அடிப்படை உண்டு. 1996 முதல் சில ரோலர் கோஸ்டர்கள் நேரியல் மின்மோட்டாரால் உந்தப்படுகின்றன. பலவற்றில் பிரேக்கும் காந்தமே. வலுவான காந்தம் அருகே வந்தால் பேஸ்மேக்கர் பொதுவாக நிலையான வேகத்துக்கு மாறும், ஐ.சி.டி. ஆபத்தான துடிப்பைக் கண்டறிவதை நிறுத்திவைக்கும். ஆனால் காந்தங்கள் பொதுவாகத் தண்டவாளத்தையும் பெட்டியின் அடியையும் ஒட்டியே இருக்கும், தூரம் கூடக்கூடப் புலம் வேகமாக வலுவிழக்கும். காறை எலும்பின் கீழே, கருவியின் மேலேயே அழுத்தும் தோள்பட்டைத் தாங்கி எனக்கு அதைவிடக் கவலை தருகிறது. அறுவைக்குப் பிந்தைய முதல் வாரங்களில், மின்கம்பி இதயச் சுவரில் உறுதியாகப் பற்றாத நிலையில், மிகுதியாகவே.

பலகையின் போதாமை முழுதும் வெளிப்படுவது சி.பி.வி.டி. என்னும் பரம்பரை நோயில். இதயத்தின் அமைப்பில் குறையிருக்காது, ஓய்வில் எடுத்த ஈ.சி.ஜி.யும் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். அட்ரினலின் பெருகும்போதுதான் கீழறைத் துடிப்பு கட்டுக்கடங்காமல் எழும். இவர்களுக்கு ஐ.சி.டி. முழுக் காப்பு அன்று: அது தரும் அதிர்ச்சியின் வலியே மேலும் அட்ரினலினைச் சுரக்கவைத்து அடுத்த தாக்குதலை வரவழைக்கக்கூடும். அதனால்தான் முதல் மருந்தாக பீட்டா தடுப்பான் கொடுக்கப்படுகிறது. இந்நோய் கண்டறியப்படாத பதின்வயதினர் தம்மை நலமுடையவராகக் கருதிப் பலகையைத் தாண்டி ஏறிவிடுகிறார். மின்கடத்தல் தடைக்காக மட்டும் பேஸ்மேக்கர் பொருத்தி, இதயத்தசையில் பழுதேதும் இல்லாத நடுவயதினர், பல ஆண்டுகள் கழிந்த பின்னும், கீழேயே நிற்கிறார்.