அரைப் பேரும் முழுப் பேரும்: 'வள்ளியம்மா பேராண்டி' சொல்லும் வரலாறு

கல்வராயன் மலையில் ஒரு மாலை வகுப்பு முடிந்து பிள்ளைகள் கலைந்துகொண்டிருந்தார்கள். கல்லூரி முதலாண்டு படிக்கும் தம்பி ஒருவன் போனில் அறிவின் 'வள்ளியம்மா பேராண்டி' ஆல்பத்தைப் போட்டான். திண்ணையில் இருந்த ஆயா காது கொடுத்துக் கேட்டார்.

"யாருடா பாடறது?"

"அறிவுன்னு ஒரு அண்ணன், ஆயா. வள்ளியம்மாங்கறது அவரோட ஆயா பேரு. அந்தப் பேருலயே பாட்டு போட்டிருக்காரு."

ஆயா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கெழவி பேரையா வெச்சான்? எம் பேரு ரேசன் கார்டத் தவுர எங்க எழுதியிருக்குது?" என்றார்.

சமூகவியல் வகுப்பில் இரண்டு ஆண்டுகள் படித்தும் எனக்கு இவ்வளவு நேராக ஒரு கேள்வி கிடைத்ததில்லை. உழைத்தவர்களின் பெயர் எங்கே எழுதப்பட்டது? எதற்காக எழுதப்பட்டது? இந்த ஆல்பத்தை வரலாறாக வாசிக்க நமக்குத் தேவையான கேள்விகள் இவைதான்.

அறிவு அரக்கோணத்துக்காரர். 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறியபோது அவரைப் பலரும் முதன்முதலாகக் கேட்டோம். 2019இல் ஆஃப்ரோவுடன் சேர்ந்து 'தெருக்குரல்' ஆல்பம். 2021 மார்ச்சில் தீயுடன் பாடிய, சந்தோஷ் நாராயணன் இசையமைத்த 'எஞ்சாய் எஞ்சாமி'. 2024இல் தனி ஆல்பமாக 'வள்ளியம்மா பேராண்டி'. வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் தமிழ்நாட்டுக்குத் திரும்பியவர்.

'பேரன்' என்ற சொல்லைக் கவனியுங்கள். பெயரன் என்பதுதான் பேரன் ஆனது. தாத்தா, பாட்டியின் பெயரைத் தாங்குகிறவன் என்று பொருள். நிலமும் வீடும் இருந்த குடும்பங்களில் பெயரோடு சொத்தும் வந்தது. நம் குடும்பங்களில் பெயர் மட்டும்தான் வந்தது. பல நேரம் அதுவும் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதற்குத் தோட்டத்தின் கணக்குப் புத்தகத்தில் பதில் இருக்கிறது.

19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் இலங்கை மலைநாட்டில் காப்பி பயிரிட்டார்கள். 1869இல் இலைநோய் வந்து காப்பி அழியத் தொடங்கியது. பிறகு தேயிலை வந்தது. இரண்டுக்கும் ஆள் பிடித்தது தமிழ் மாவட்டங்களில்தான். திருச்சி, சேலம், மதுரை, தஞ்சை மாவட்டங்களோடு தென்னாற்காடும் அந்தப் பட்டியலில் உண்டு. நம் கள்ளக்குறிச்சி அன்றைக்குத் தென்னாற்காட்டில்தான் இருந்தது. போனவர்களில் பெரும்பகுதி பறையர், பள்ளர், அருந்ததியர் சாதிகளைச் சேர்ந்த நிலமற்ற மக்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சமும், ஊரில் இருந்த பண்ணையடிமை முறையும் அவர்களைத் தள்ளின. "மலைக்குப் போனா தேங்காயும் மாசியும் திங்கலாம்" என்று ஆசை காட்டி இழுத்தவன் கங்காணி. ஆரம்ப காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்தவர்களில் காலராவிலும் காய்ச்சலிலும் செத்தவர்கள் ஏராளம். அவர்களில் எத்தனை பேருக்குக் கல்லறை, எத்தனை பேருக்குப் பெயர்?

கங்காணி கொடுத்த முன்பணமும் வழிச்செலவும் தொழிலாளியின் கடனாகப் பதிவானது. ஒருவர் வேறு தோட்டத்துக்கு மாற வேண்டுமென்றால் அவர் கடன் எவ்வளவு என்று எழுதிய 'துண்டு' வேண்டும். புதிய தோட்டம் அந்தக் கடனை ஏற்றுக்கொண்டால்தான் ஆள் கைமாற முடியும். நம் முன்னோர் பலருடைய பெயர் முதன்முதலாகக் காகிதத்தில் ஏறியது கடனாளியாகத்தான். துண்டு முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது.

தோட்டத்தில் இன்றும் புழங்கும் இன்னொரு சொல் 'பேர்'. ஒரு நாள் வேலைக்கான கூலி, ஒரு பேர். செக்ரோலில் பெயருக்கு நேரே அன்றைய வேலையைப் பதிந்தால் பேர் விழுந்தது என்று அர்த்தம். சொன்ன அளவுக்குக் கொழுந்து பறிக்காவிட்டால் அரைப் பேர். காலையில் பெரட்டுக் களத்தில் நின்று, மழையில் அட்டைக் கடியோடு மலையேறி, இறக்கிய கூடையின் நிறை குறைந்தால் அன்றைக்கு அவள் பாதி ஆள். வள்ளியம்மாள்களின் பெயர் இருந்த புத்தகம் இதுதான். அதில் அவர்கள் பாடியது ஒரு வரிகூட இல்லை.

ஆனால் பாடினார்கள். தாலாட்டும் தெம்மாங்கும் ஒப்பாரியும் லயங்களில் பாடப்பட்டன. 1947 தேர்தலில் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் சென்ற சி.வி. வேலுப்பிள்ளை பிற்காலத்தில் அந்தப் பாடல்களைத் தொகுத்தார். அவர் எம்.பி. ஆன மறு ஆண்டே, 1948இல், இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தது. மலையகத் தமிழர் சுமார் 7 லட்சம் பேர் நாடற்றவர் ஆனார்கள். 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். 1974இல் அந்த மீதியையும் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். கணக்கு சரியாக முடிந்தது. யாரிடமும் 'நீ எங்கே இருக்க விரும்புகிறாய்' என்று ஒப்பந்தம் போடும் முன் கேட்கவில்லை.

இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான் 'எஞ்சாய் எஞ்சாமி' சர்ச்சை புரியும். தோட்டத்து உழைப்பையும் ஒப்பாரியையும் சுமந்த அந்தப் பாடல் உலகெங்கும் கோடிக்கணக்கான முறை பார்க்கப்பட்டது. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீ இருந்தார், ஷான் வின்சென்ட் டி பால் இருந்தார், அறிவு இல்லை. பா. இரஞ்சித் உள்ளிட்டோர் கேள்வி எழுப்பிய பிறகு அறிவுக்குத் தனி டிஜிட்டல் அட்டை வந்தது. 2022 ஜூலை 28 அன்று சென்னையில் நடந்த செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாடல் ஒலித்தது, அறிவு மேடையில் இல்லை. பாடலை உருவாக்கியதில் தன் பங்கு என்ன என்று அதன்பின் அவர் பொதுவெளியில் எழுதினார். இசையமைப்பும் தயாரிப்பும் தன்னுடையவை, உரிமையும் வருமானமும் மூவருக்கும் சமம் என்று சந்தோஷ் நாராயணன் பதில் சொன்னார். 2024 மார்ச்சில், பாடல் வழியாக மூவருக்கும் இதுவரை வருமானமே வரவில்லை என்றும் அவரே சொன்னார்.

இதில் யார் நல்லவர், யார் கெட்டவர் என்று தீர்ப்பு எழுதுவது என் நோக்கமல்ல. ஒரு பாடலில் பலருடைய உழைப்பு இருக்கும், அதை மறுக்க வேண்டியதில்லை. நான் கேட்பது வேறு. பாட்டியின் கதையைச் சுமந்து வந்தவனே தன் பெயருக்காக வாதாட வேண்டிய நிலை ஏன் வருகிறது? 'நாட்டார் பாடலுக்கு ஆசிரியர் இல்லை' என்று எனக்கும் வகுப்பில் சொல்லித்தந்தார்கள். ஆசிரியர் இருந்தார், தோழர்களே. எழுதும் கையில் இருந்தவர்கள் அவர் பெயரைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால்தான் தனி ஆல்பத்தின் தலைப்பு எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆல்பத்துக்குப் பெயர் வைக்கும் உரிமை கலைஞரிடம் இருக்கிறது. அந்த உரிமை கிடைத்ததும் அறிவு எழுதியது பாட்டியின் பெயரை. தன்னை அந்தப் பெயருக்குப் பேராண்டி என்று மட்டும் சொல்லிக்கொள்கிறார். இசைச் செயலிகளில் ஆல்பத்தைத் தேடுகிறவர் யாராக இருந்தாலும், 'வள்ளியம்மா' என்று எழுதித்தான் தேட வேண்டும். செக்ரோலில் அரைப் பேராக இருந்த ஒருத்தி முழுப் பேராக வந்திருக்கிறாள்.

இது புதிய வழியும் அல்ல. 1893இல் இரட்டைமலை சீனிவாசன், பிறர் இழிவாகச் சொன்ன சாதிப் பெயரையே தலைப்பாக்கிப் 'பறையன்' இதழ் நடத்தினார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். நம்மைப் பற்றிப் பிறர் எழுதட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. சொந்த அச்சு அன்றைக்கு, சொந்த ஆல்பம் இன்றைக்கு.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஒரு வள்ளியம்மாள் பெயர் வந்ததால் எல்லாப் பாட்டிகளின் கணக்கும் தீர்ந்துவிடாது. நம் மாவட்டத்தையே பாருங்கள். கல்வராயன் மலை 1976 வரை மூன்று ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. மலையாளிப் பழங்குடி மக்கள் அவர்களுக்கு வரி கொடுத்தார்கள், வெட்டி வேலை செய்தார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததும் அதே 1976இல்தான். கங்காணி போன இடத்தில் இன்று மேஸ்திரி நிற்கிறார். முன்பணம் வாங்கிக் கரும்பு வெட்டவும் செங்கல் சூளைக்கும் குடும்பத்தோடு போகிறார்கள். மலையைப் பற்றி வெளியே தெரிந்தது சாராயமும் செம்மரமும் மட்டும்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்பகுதியிலும் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். கருணாபுரத்தில் செத்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். அந்த நாட்களில் பெண்கள் மாரடித்துப் பாடிய ஒப்பாரி எல்லாத் தொலைக்காட்சியிலும் ஓடியது. கணவன் பெயர், பிள்ளை பெயர், பட்ட கடன், கட்டாத வீடு எல்லாம் அந்தப் பாட்டுக்குள் இருந்தன. திரையில் 'கதறி அழும் உறவினர்கள்' என்று மட்டும் போட்டார்கள்.

படிக்கிற தம்பி தங்கைகளிடம் ஒன்று கேட்கிறேன். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் ஆயாவிடம் உட்காருங்கள். அவர் பாடினால் பதிவு செய்யுங்கள். பதிவின் தொடக்கத்தில் அவர் பெயரை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். ஊர், தேதி, பாட்டை யாரிடம் கற்றார் என்பதையும் கேளுங்கள். வெளியே பகிரும் முன் அனுமதி கேளுங்கள். அதில் காசு வந்தால் பங்கு கொடுங்கள். இதற்கு எந்த ஆய்வு நிதியும் தேவையில்லை.

அன்று மாலை அந்தத் தம்பி ஆயாவின் பெயரைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டான். இரண்டு பாட்டுகளும் பதிவாகியிருக்கின்றன. அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. கட்டுரையில் போடலாமா என்று அவரிடம் இன்னும் கேட்கவில்லை. அடுத்த வாரம் மலைக்குப் போகிறேன், கேட்பேன்.

ஜெய்பீம்.